அரைப் பென்னிப் பால்: பிரிட்டன் பள்ளிக்கூடங்களின் ஒரு பழைய கணக்கு

காலையில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரை நடந்து போய் விட்டுவிட்டு வருவது, பையில் ஒரு டப்பா தயிரோ, ஒரு துண்டு சீஸோ, ஒரு பாட்டில் பாலோ வைத்து அனுப்புவது... இவையெல்லாம் பெற்றோரின் வேலை, வீட்டு வேலை. இதில் அரசாங்கத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் பிரிட்டனில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை குடிக்கும் பால் நாட்டின் பட்ஜெட்டிலேயே ஒரு வரியாக இருந்தது. அந்த வரியைச் சேர்க்க நாற்பது வருடங்கள் ஆயின. அடிக்க மூன்று வருடங்கள் போதுமானதாக இருந்தது. அந்தப் பாலின் அளவு வெறும் மூன்றில் ஒரு பைண்ட், அதாவது சுமார் 190 மில்லி லிட்டர். ஒரு டம்ளர்தான். ஆனால் அந்த ஒரு டம்ளருக்குப் பின்னால் போர், விவசாயிகளின் நஷ்டம், புள்ளியியல், தேர்தல் அரசியல் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. கொடுப்பது எல்லாப் பிள்ளைகளுக்குமா, இல்லாதவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமா?

மூன்று மைல் நடை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரம்பக் கல்வி கிடைக்க வழி செய்த சட்டம் 1870-ல் வந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் சொல்லக்கூடிய நியாயமான காரணங்களையும் அந்தச் சட்டமே பட்டியலிட்டது. அவற்றில் ஒன்று தூரம். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரத்தில் இருந்தால் அனுப்பாமல் இருக்கலாம் என்பதற்கு அது வைத்த உச்ச எல்லை மூன்று மைல். அதாவது போக மூன்று, வர மூன்று என்று ஆறு மைல் வரை ஒரு பிள்ளை தினமும் நடக்கலாம் என்று சட்டமே நினைத்தது! 1944 கல்விச் சட்டம் இதைக் கொஞ்சம் மாற்றி, எட்டு வயதுக்குக் கீழே இரண்டு மைல், அதற்கு மேலே மூன்று மைல் என்று வைத்தது.

இவ்வளவு தூரம் நடந்து வரும் பிள்ளை மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. கையில் கொண்டு வந்த ரொட்டித் துண்டுதான் உணவு. வீட்டில் ரொட்டி இல்லாத பிள்ளைக்கு அதுவும் இல்லை. கட்டாயக் கல்வி வந்த பிறகுதான் ஆசிரியர்கள் கண்ணில் ஒரு விஷயம் பட்டது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் காலையில் எதுவுமே சாப்பிடாமல் வந்திருந்தார்கள். பசியோடு இருக்கும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. தர்ம ஸ்தாபனங்கள் சில இடங்களில் சூப்பும் ரொட்டியும் கொடுத்தன. அரசு ஒதுங்கியே நின்றது.

போர் எழுப்பிய பயம்

அரசை அசைத்தது பிள்ளைகளின் பசி அல்ல, போர். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, தொழில் நகரங்களிலிருந்து வந்த இளைஞர்களில் ஏராளமானோர் உடல் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். உலகத்தையே ஆள்வதாகச் சொல்லிக்கொண்ட நாட்டுக்கு இது பெரிய அதிர்ச்சி. இதை விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டு 1904-ல் அறிக்கை தந்தது. பள்ளிப் பிள்ளைகளின் உணவும் உடல்நலமும் கவனிக்கப்பட வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியமான கருத்து.

1906-ல் தொழிற்கட்சி உறுப்பினர் டபிள்யூ. டி. வில்சன் கொண்டு வந்த மசோதா சட்டமானது. பள்ளிகளில் உணவு தர உள்ளாட்சி அமைப்புகள் வரிப் பணத்திலிருந்து செலவு செய்யலாம் என்றது அது. கவனிக்க வேண்டியது "செலவு செய்யலாம்" என்ற சொல். கட்டாயம் இல்லை. அதுவும் பவுண்டுக்கு அரைப் பென்னி வரிக்கு மேல் போகக்கூடாது. அக்காலத்தில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. அப்படியானால் 480-ல் ஒரு பங்கு.

அந்தச் சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. அந்த நாட்களில் அரசின் ஏழை நிவாரணம் வாங்கியவருக்கு ஓட்டுரிமை போய்விடும். ஆனால் பிள்ளை பள்ளியில் இலவசமாகச் சாப்பிட்டால் தகப்பனுக்கு ஓட்டுரிமை போகாது என்று இந்தச் சட்டம் தெளிவாகச் சொன்னது. சின்ன விதிதான். ஆனால் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு கொடுப்பது தர்மம் அல்ல, அதனால் அந்தக் குடும்பம் தாழ்ந்துவிடாது என்று சட்டம் முதல் முறையாக ஒப்புக்கொண்ட இடம் அது.

யார்க்‌ஷயரின் பிராட்ஃபோர்ட் நகரம் இதில் முன்னோடி. அங்கே 1907-ல் டாக்டர் ரால்ஃப் குரோலி என்ற பள்ளி மருத்துவ அதிகாரி, உணவு கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் எடையை வாரா வாரம் குறித்து வைத்தார். உணவு கொடுத்த வாரங்களில் எடை ஏறியது, பள்ளி விடுமுறை வந்ததும் இறங்கியது. விடுமுறை என்றால் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி என்று நினைப்போம். அந்த எடைக் குறிப்பு வேறு கதை சொன்னது.

அதே அரசு, வேறு நியாயம்

இங்கே சென்னையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இரண்டு இடத்திலும் ஆண்டது ஒரே அரசு.

1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது கணக்கு. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது, பிள்ளைகளின் வருகையும் கூடியது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்ய அரசு அனுமதிக்கவில்லை. 1925 ஏப்ரல் 1 முதல் திட்டம் நின்றது.

லண்டனில் 1906 முதல் சட்டப்படி சரியாக இருந்த ஒரு செலவு, சென்னையில் 1925-ல் கணக்கில் ஏறவில்லை. பசி இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஓட்டுப் போடும் தகப்பன் இருந்த ஊரில் மட்டும் அதற்குக் கணக்கில் இடம் கிடைத்தது.

பாலுக்கு ஒரு பரீட்சை

இதற்குள் பிரிட்டனில் பேச்சு பொதுவான உணவிலிருந்து பாலுக்குத் திரும்பியது. வைட்டமின்கள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஹெச். சி. கோரி மான் என்ற மருத்துவர் லண்டனுக்கு வெளியே ஒரு விடுதியில் வாழ்ந்த சிறுவர்களை வைத்து நடத்திய ஆய்வு 1926-ல் வெளிவந்தது. வழக்கமான உணவு மட்டும் சாப்பிட்டவர்கள் ஒரு வருடத்தில் சராசரியாக 3.85 பவுண்டு எடை கூடினார்கள். அதோடு தினம் ஒரு பைண்ட் பால் குடித்தவர்கள் 6.98 பவுண்டு கூடினார்கள். உயரத்திலும் 1.84 அங்குலத்துக்கு எதிராக 2.63 அங்குலம். அடுத்து ஜான் பாய்ட் ஓர் என்ற விஞ்ஞானி ஸ்காட்லாந்து நகரங்களிலும் பெல்ஃபாஸ்டிலும் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த சோதனையும் இதையே சொன்னது. பின்னாளில் இவர் நோபல் சமாதானப் பரிசு பெற்றவர்.

பிறகு வந்தது 1930-ல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில் நடந்த மாபெரும் பரீட்சை. 67 பள்ளிகள், 20,000 பிள்ளைகள். 10,000 பேருக்குத் தினமும் முக்கால் பைண்ட் பால் (அதில் பாதிப் பேருக்குக் காய்ச்சாத பால், மீதிப் பேருக்குப் பாஸ்சரைஸ் செய்த பால்), மற்ற 10,000 பேருக்குப் பால் கிடையாது. பிப்ரவரி முதல் ஜூன் வரை நான்கு மாதம். ஆரம்பத்திலும் முடிவிலும் எடையும் உயரமும் பார்த்தார்கள்.

பி.காம். படிக்கும் எவருக்கும் புள்ளியியல் பாடத்தில் "ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட்" தெரிந்திருக்கும். அந்த "ஸ்டூடண்ட்" என்பது வில்லியம் கோஸட் என்பவரின் புனைபெயர். டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர். அவர்தான் 1931-ல் இந்தப் பரீட்சையின் குறையை எடுத்துச் சொன்னார். குறை எங்கே வந்தது தெரியுமா? ஆசிரியர்களின் இரக்கத்தில்!

பிள்ளைகளைக் குலுக்கல் முறையிலோ அகர வரிசையிலோ பிரித்த பிறகு, ஒரு பக்கம் நோஞ்சான் பிள்ளைகளோ கொழுகொழுப் பிள்ளைகளோ அதிகமாகத் தெரிந்தால் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம் என்று பள்ளிகளுக்குச் சொல்லியிருந்தார்கள். விளைவு, வாடிய முகமுள்ள ஏழைப் பிள்ளைகள் பால் கிடைக்கும் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். பால் இல்லாத பக்கத்தில் இருந்தவர்கள் ஆரம்பத்திலேயே எடையிலும் உயரத்திலும் கூடுதலாக இருந்தார்கள். அதோடு பிள்ளைகளை உடையோடுதான் எடை போட்டார்கள். பிப்ரவரிக் குளிரில் வசதியான பிள்ளை கனமான உடை போட்டிருக்கும், ஜூனில் மெல்லிய உடை. ஏழைப் பிள்ளைக்கு இரண்டு காலத்துக்கும் ஏறக்குறைய ஒரே உடைதான். ஆகவே எடை வித்தியாசத்தில் எவ்வளவு பால், எவ்வளவு கம்பளி என்று பிரிக்க முடியவில்லை. இருபதாயிரம் பேருக்குப் பதில் ஐம்பது ஜோடி ஒத்த இரட்டையர்களை வைத்துச் செய்திருந்தால் செலவும் மிச்சம், விடையும் தெளிவு என்றார் கோஸட்.

புள்ளியியல் புத்தகங்களில் இது ஒரு தவறான பரீட்சைக்கு உதாரணம். ஆனால் இன்னொரு விதமாகவும் இதைப் படிக்கலாம். யாருக்குப் பால் வேண்டும் என்பது அந்த ஆசிரியர்களுக்கு முடிவு வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது.

உபரிப் பால்

ஆராய்ச்சி எவ்வளவு சொன்னாலும் பணம் வர வேண்டுமே? அந்தப் பணம் வந்தது வேறு கதவு வழியாக.

1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம். நியூசிலாந்திலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் மலிவான வெண்ணெய் பிரிட்டனுக்கு வந்து குவிந்தது. உள்ளூர் விவசாயிக்குக் குடிக்க விற்கும் பாலுக்குத்தான் நல்ல விலை. வெண்ணெய்க்கும் சீஸுக்கும் போகும் பாலுக்குக் கிடைத்தது அற்ப விலை. 1933-ல் பால் விற்பனை வாரியம் அமைந்து பாலை மொத்தமாக வாங்கி விற்கத் தொடங்கியது. உடனே அடுத்த பிரச்சினை. குடிக்கும் பாலை இன்னும் அதிகம் பேர் குடித்தால்தான் வாரியம் பிழைக்கும். அந்த அதிகம் பேர் எங்கே இருக்கிறார்கள்? வகுப்பறைகளில்!

1934 அக்டோபரில் பள்ளிப் பால் திட்டம் வந்தது. அதுவரை ஒரு பென்னிக்கு விற்ற மூன்றில் ஒரு பைண்ட் பாட்டில் அரைப் பென்னியானது. மீதியை அரசும் வாரியமும் ஏற்றுக்கொண்டன. அப்போது விவசாய அமைச்சராக இருந்தவர் வால்ட்டர் எலியட். இவர் பாய்ட் ஓரின் ஆராய்ச்சி நிலையத்தில் முன்பு வேலை செய்தவர். ஆக, கல்வி அமைச்சரோ சுகாதார அமைச்சரோ அல்ல, விவசாய அமைச்சர்தான் பிள்ளைகளுக்குப் பால் வார்த்தார்.

வணிகம் படிப்பவர்கள் இதை விலைப் பாகுபாடு என்பார்கள். ஒரே பொருளை வெவ்வேறு சந்தையில் வெவ்வேறு விலைக்கு விற்பது. விவசாயிக்குச் சந்தை கிடைத்தது, பிள்ளைக்குப் பால் கிடைத்தது, அரசுக்கு நல்ல பெயர் கிடைத்தது. யாருக்கும் நஷ்டம் இல்லை போலத் தோன்றும்.

ஆனால் ஒருவர் விடுபட்டுப் போனார். அந்த அரைப் பென்னியும் இல்லாத வீட்டுப் பிள்ளை. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் இரண்டரைப் பென்னி. நான்கு பிள்ளைகள் என்றால் பத்துப் பென்னி. வேலையில்லாத தகப்பனுக்கு அது பெரிய தொகை. இலவசமாக வேண்டுமானால் பிள்ளைக்கு ஊட்டக்குறைவு இருப்பதாகப் பள்ளி மருத்துவர் சொல்ல வேண்டும். அதாவது உடம்பு கெட்ட பிறகுதான் பால், கெடாமல் இருக்கப் பால் கிடையாது. 1939-ல் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் பால் குடித்தார்கள். குடிக்காதவர்களில் அதிகம் தேவைப்பட்டவர்களும் இருந்தார்கள்.

எல்லோருக்கும்

இரண்டாம் உலகப் போர் இந்தக் கணக்கை மாற்றியது. ரேஷன் காலத்தில் பாலைப் பணக்காரன், ஏழை என்று பார்க்காமல் வயதைப் பார்த்துப் பங்கிட்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முன்னுரிமை. போர் முடிந்ததும் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. கல்வி அமைச்சரானவர் எலன் வில்கின்சன். இவர் ஜாரோ தொகுதி உறுப்பினர். 1936-ல் வேலையில்லாத ஜாரோ மக்கள் லண்டன் வரை சுமார் 300 மைல் நடந்து போனபோது அவர்களோடு வழியில் நடந்தவர்.

1946 ஆகஸ்ட்டிலிருந்து எல்லாப் பள்ளிகளிலும், 18 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் மூன்றில் ஒரு பைண்ட் பால் இலவசம் என்று ஆனது. பிரபுக்களின் பிள்ளைகள் படிக்கும் ஈட்டனில் எப்படியோ, அப்படியே ஜாரோவிலும். விரைவிலேயே பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் பால் குடித்தார்கள்.

வசதியான பிள்ளைக்கு எதற்கு இலவசம் என்று அன்றும் கேட்டார்கள். பதில் எளிமையானது. எல்லோர் கையிலும் ஒரே பாட்டில் இருக்கும்போது, யார் ஏழை என்று பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. மருத்துவர் சீட்டும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. வாங்குவதில் வெட்கமும் இல்லை.

ஒரு தலைமுறைக்கே அந்தச் சின்னக் கண்ணாடிப் பாட்டில் மறக்க முடியாத பொருள். காலை இடைவேளையில் "பால் மானிட்டர்" என்ற பதவி பெற்ற பிள்ளை கிரேட்டைத் தூக்கி வந்து எல்லோருக்கும் கொடுக்கும். குளிர்காலத்தில் பால் உறைந்து மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். உருகுவதற்காக ஹீட்டர் பக்கத்தில் வைப்பார்கள், அது வெதுவெதுப்பாகி ஒரு மாதிரி வாடை அடிக்கும். வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம். அந்தப் பால் வாடையினாலேயே வாழ்நாள் முழுக்கப் பாலை வெறுத்தவர்களும் உண்டு!

வெட்டு

முதல் வெட்டு 1968-ல் விழுந்தது. வெட்டியது பாலைக் கொடுத்த அதே தொழிற்கட்சி. பவுண்டின் மதிப்புக் குறைக்கப்பட்ட பிறகு சிக்கனம் என்ற பெயரில், மேல்நிலைப் பள்ளிகளில் இலவசப் பால் நின்றது. பெரிய எதிர்ப்பு எழவில்லை.

1970-ல் கன்சர்வேடிவ் கட்சி ஆட்சிக்கு வந்தது. கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர். 1971-ல் வந்த சட்டம் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பாலை நிறுத்தியது. சிறப்புப் பள்ளிகளுக்கும், மருத்துவச் சான்று உள்ள ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மட்டும் விலக்கு. மிச்சமாகும் தொகை ஆண்டுக்கு ஒரு கோடி பவுண்டுக்கும் குறைவு. மீண்டும் மருத்துவர் சீட்டு, மீண்டும் பட்டியல்! நாற்பது வருடங்களுக்கு முன் இருந்த இடத்துக்கே கணக்கு திரும்பி வந்தது.

தாட்சருக்குப் "பால் பறிப்பவர்" என்ற பட்டப் பெயர் ஒட்டிக்கொண்டது. வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் நகரமான மெர்தர் டிட்ஃபில் நகரசபை பாலை நிறுத்த முதலில் மறுத்தது. ஆனால் செலவைக் கவுன்சிலர்களே கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டிவரும் என்ற எச்சரிக்கைக்கு முன் அந்த எதிர்ப்பு நீடிக்க முடியவில்லை. பல வருடங்கள் கழித்து வெளியான அரசு ஆவணங்கள் இன்னொன்றையும் காட்டின. நிதித்துறை பாலை முழுவதுமாகவே நிறுத்தச் சொன்னதாம். அது மிகக் கடுமையாகிவிடும் என்று சொல்லி, சின்னப் பிள்ளைகளுக்காவது பாலை மிச்சம் வைத்தவர் தாட்சர்தான். இதில் கிடைத்த லாபம் கொஞ்சம், கெட்ட பெயர் அதிகம் என்று பின்னாளில் அவரே நினைவுக் குறிப்பில் ஒப்புக்கொண்டார்.

1977-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பள்ளிப் பாலுக்கு மானியம் தரத் தொடங்கியது. காரணம்? ஐரோப்பாவில் வெண்ணெய் மலை போலக் குவிந்து, பால் ஏரி போலத் தேங்கியிருந்தது. 1934-ன் கதை அப்படியே மறுபடியும். உபரி வந்தால் பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள்.

டிபன் பாக்ஸுக்கு மாறிய பொறுப்பு

1980 கல்விச் சட்டம் பாலும் உணவும் தர வேண்டும் என்ற கடமையிலிருந்து உள்ளாட்சிகளைப் பெரும்பாலும் விடுவித்தது. உணவுத் தர விதிகளும் போயின. அதன் பிறகு வீட்டிலிருந்து கொண்டுபோகும் மதிய உணவுப் பெட்டி பெருகியது. தயிர்க் கிண்ணமும் சீஸ் துண்டும் சின்னப் பால் டப்பாவும் கடைகளில் பிள்ளைகளுக்கென்றே வரிசையாக வந்தன. என்ன வைப்பது என்று தாய்மார்கள் தினம் காலையில் யோசிக்கும் வேலை வந்தது. அரசின் கணக்கில் இருந்த ஒரு செலவு வீட்டின் கணக்குக்கு மாற்றப்பட்டது, அவ்வளவுதான். செலவு மறையவில்லை, பேரேட்டில் பக்கம் மாறியது.

நடையும் அப்படியே. மேயர் ஹில்மன் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வின்படி, இங்கிலாந்தில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் பள்ளிக்குப் பெரியவர் துணை இல்லாமல் போனவர்கள் 1971-ல் 80 சதவீதம். 1990-ல் அது வெறும் 9 சதவீதம். ஊரையும் தெருவையும் நம்பி அனுப்பிய பிள்ளையை, இப்போது பெற்றோரே கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. 2010 ஆகஸ்ட்டில், ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கிடைக்கும் இலவசப் பாலை நிறுத்தலாம் என்ற யோசனை வெளியே கசிந்தது. அன்றைக்கே பிரதமர் டேவிட் கேமரூன் அதைக் கைவிடச் செய்தார். நாற்பது வருடங்கள் ஆகியும் அந்தப் பழைய பட்டப் பெயருக்கு அவ்வளவு பயம்! 2014 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும், வருமானம் பாராமல், மதிய உணவு இலவசமானது.

"தேவைப்படுபவருக்கு மட்டும்" என்பது காகிதத்தில் எப்போதும் சிக்கனமாகத் தெரியும். ஆனால் தேவையை நிரூபிக்கச் சொல்லும் ஒவ்வொரு முறையும், மிக அதிகம் தேவைப்பட்ட பிள்ளை ஒன்று வரிசையிலிருந்து ஒதுங்கிப் போனதுதான் பிரிட்டனின் இந்த நூறு வருடக் கணக்கு காட்டுவது. அந்தப் பிள்ளை எந்தப் பேரேட்டிலும் வராது. மிச்சம் பிடித்த தொகை மட்டும்தான் வரும்.